சமையல்கூடத்துக்குப் பின்னால் நான்கு செடிகள்

டிசம்பர் 5, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது டாக்டர் கிரேஸ்லின். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடி டாக்டர். நாகர்கோவில்காரர். இந்த ஓமான் பாலைவனத்தில் குழாய் பதிக்கப் போகிற கம்பெனி, மண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் இங்கே என்னென்ன முளைக்கிறது என்று எழுதித் தர அவரை அமர்த்தியிருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் ஸாலிம் ஓட்டுகிற வண்டியில் வெளியே போய்விடுகிறார். அந்த நாட்களில் முகாமைச் சுற்றி எது பூத்தது, காற்று எந்தப் பக்கம், வெயில் எப்படி என்று ஒருவர் குறித்து வைக்க வேண்டுமாம். முப்பது பேர் இருக்கிற முகாமில் என்னை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டேன். உப்பு தீர்வதற்கு முன்பே உப்பு தீரப் போகிறது என்று எழுதி ஒட்டுகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்றார். அது உண்மைதான்.

நான் நெய்னா முகம்மது. ஊர் பெரியபட்டினம். இந்த முகாமின் சமையல்காரன். வயது ஐம்பத்து மூன்று. செடிகளில் எனக்குத் தெரிந்தவை கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா. மூன்றும் கட்டாக வரும்.

இன்று வெயில் மிதம். வடக்குக் காற்று. எதுவும் பூக்கவில்லை.

டிசம்பர் 6, செவ்வாய்

எதுவும் பூக்கவில்லை. தக்காளி காய்.

டிசம்பர் 9, வெள்ளி

பிரியாணி. எல்லாரும் திட்டாமல் சாப்பிட்டார்கள்.

மதியத் தொழுகைக்கு ஒளு செய்யும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். முகாமின் குளியலறைப் பக்கம் எப்போதும் வரிசை நிற்கும். அந்த வரிசையில் நின்றால் எனக்கு அடுப்பில் எதுவாவது கருகும். ஆகவே வந்த நாளிலிருந்து நான் சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கெண்டித் தண்ணீரில் கை, முகம், கால் கழுவிக்கொள்கிறேன். இன்று குனிந்தபோது பெட்டிக்குச் சற்றுத் தள்ளிப் பச்சையாக ஒன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. எண்ணினால் நான்கு செடிகள், பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசையில் நிற்கின்றன. உயரம் ஒரு சாண்.

இந்த மண்ணில் பச்சையைப் பார்த்தாலே நெஞ்சு குளிர்ந்துவிடுகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

டிசம்பர் 20, செவ்வாய்

புழுதிக் காற்று. சோற்றில் மண். யாரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

ஜனவரி 12, வியாழன்

பூத்துவிட்டது.

காலை ஆறரைக்குப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரியது. ஐந்து இதழ். நல்ல மஞ்சள், மஞ்சள்தூளில் எலுமிச்சை பிழிந்தால் வருமே அந்த மஞ்சள் இல்லை, அதற்கு முந்தையது. நான்கு செடிகளிலுமாகப் பதினொரு பூ. முப்பது பேருக்குத் தோசை ஊற்ற வேண்டியவன் அங்கேயே நின்றுவிட்டேன். மதியம் பரிமாறி முடித்து வந்து பார்த்தால் இதழ்கள் எல்லாம் கீழே உதிர்ந்து கிடக்கின்றன. ஒரு பூவுக்கு ஆயுள் ஆறு மணி நேரம் போலிருக்கிறது.

ஜுனைதா இருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். அவள் போய் நான்கு வருடமாகிறது. இன்னும் எதையாவது பார்த்தால் கை போனுக்குப் போகிறது.

ஜனவரி 14, சனி

டாக்டர் திரும்பி வந்தார். பூ என்றதும் தேநீரைக்கூடக் குடிக்காமல் பின்பக்கம் ஓடினார். மண்ணில் மண்டியிட்டு, கழுத்தில் தொங்குகிற குட்டிப் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் எழவில்லை. ஸாலிம் எட்டிப் பார்த்து, "ரக்ரூக்" என்றார். இந்தப் பக்கத்துப் பாலைவன நாடோடிகளான பதூக்கள் அதன் அடியில்தான் நிலக்காளான் தேடுவார்களாம்.

டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. குடும்பம் அதுதான், ஆனால் செடி அது இல்லை என்றார். ரக்ரூக்கின் இலை ஒடுங்கி, சாம்பல் பூசின மாதிரி மயிர் மூடி இருக்குமாம். பூவும் இதில் பாதி. பல நேரம் திறக்காமலே காய்த்துவிடுமாம். இந்தச் செடியோ அகலமான இலை, பளபளவென்று பச்சை, மயிரே இல்லை.

பிறகு என்னிடம் கேட்டார். "பாய், இதுக்கு யாராவது தண்ணி விடுதீங்களா?"

நான் கொஞ்சம் ரோஷமாகவே, இல்லை என்றேன். சமையல்கூடத்துக் கழிவுத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகாமல் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகிறது. அதில் நான் கறார். அரிசி களைந்த தண்ணீரைக்கூட வெளியே கொட்டியதில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 20, வெள்ளி

டாக்டர் எனக்குப் பூவைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். என் மூக்குக்கண்ணாடிக்கு மேல் அவருடைய பூதக்கண்ணாடி. முதலில் எதுவும் தெரியவில்லை, பிறகு எல்லாம் தெரிந்தது. இதழுக்குக் கீழே பச்சையாகத் தாங்குகிறவை ஐந்து. அந்த ஐந்தில் மூன்று பெரியவை, இரண்டு குட்டி. இலை எதிரெதிராக இரண்டிரண்டு. நடுவில் மகரந்தத் தாள்கள், எண்ணவே முடியாத அளவுக்கு. முப்பது வருடம் கண்ணை வைத்துக்கொண்டு வெங்காயத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் மூன்று பெரிய புத்தகங்களைப் புரட்டுகிறார். எதிலும் இந்த இலை இல்லையாம்.

ஜனவரி 28, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

டாக்டர் மஸ்கட்டுக்கும் வேறு எங்கெல்லாமோவும் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. இது இதுவரை யாரும் எழுதாத செடியாக இருக்கலாம் என்கிறார். ஆறு வருடமாக ஒப்பந்தம் முடிந்து ஒப்பந்தம் என்று ஓடிக்கொண்டிருக்கிறவர். இது மட்டும் நிஜமானால் எங்காவது ஒரு பல்கலைக்கழகத்தில் நாற்காலி கிடைக்குமாம். அதைச் சொல்லும்போது பயந்து பயந்து சொன்னார், சத்தமாகச் சொன்னால் செடி ஓடிவிடும் போல.

புதுச் செடிக்குப் பெயர் வைக்கிறவர் அவர். முதலில் பார்த்தவர் பெயரை வைப்பது உண்டாம். உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டார்.

எனக்கு எதற்கு? என் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, மளிகைச் சீட்டில் இருக்கிறது. என் வீட்டம்மா பெயரை வைக்க முடியுமா என்று கேட்டேன். கேட்ட பிறகு வெட்கமாகிவிட்டது. அவர் பெயரைக் கேட்டு, ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினார். லத்தீனில் பெண் பெயருக்கு ஒரு வால் சேர்ப்பார்களாம். ஜுனைதே.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் எல்லாரிடமும் காட்டினேன். முப்பது பேரும் ஆளுக்கொரு தடவை வாய்விட்டுப் படித்தார்கள். இவ்வளவு தந்த இறைவனுக்கு நான் என்ன செய்து முடிப்பேன்?

ஜனவரி 29, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கே விளக்க வேண்டியிருக்கிறது.

ஜுனைதாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். விடுமுறைகளை எல்லாம் கூட்டினால் நாங்கள் ஒன்றாக இருந்தது நாலே கால் வருடம். குழந்தை இல்லை. காய்ச்சல் என்றாள், மூன்றே நாள். எங்கள் வழக்கத்தில் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மேலே மண் காய்ந்திருந்தது. எங்கள் ஊர் மையவாடியில் கல்லில் பெயர் எழுதுவதில்லை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். மச்சான் ஒரு தடவை இதுதான் என்று காட்டினார். அடுத்த விடுமுறையில் கேட்டபோது கொஞ்சம் யோசித்துப் பக்கத்துக் கல்லைக் காட்டினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஓதிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை.

இப்போது அவள் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கும். நான் போன பிறகும் இருக்கும்.

பிப்ரவரி 6, திங்கள்

இடது கையால் நோட்டைப் பிடிக்க முடியவில்லை, மேசையில் வைத்து எழுதுகிறேன். பஜ்ஜிச் சட்டி சரிந்துவிட்டது. இடது கை முழங்கை வரை, இரண்டு பாதங்கள். வலது கை தப்பியது. கண் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

பிப்ரவரி 8, புதன்

முகாம் மருத்துவர் இரண்டு வாரத்துக்குக் காயக்கட்டின்மேல் தண்ணீர் படக் கூடாது என்கிறார். ஊர்ப் பள்ளிவாசல் ஆலிமிடம் போனில் கேட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, மற்றதற்குச் சுத்தமான மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்துகொள்ளச் சொன்னார். முகம் கழுவுவது அறைத் தொட்டியிலேயே முடிந்துவிடுகிறது. மண்ணுக்கு இங்கே என்ன பஞ்சம்? ஒரு தட்டு நிறைய எடுத்துக் கட்டிலடியில் வைத்திருக்கிறேன்.

பக்கத்து முகாமிலிருந்து குஞ்ஞுமோன் வந்து சமைக்கிறார். எல்லாவற்றிலும் தேங்காய். வெல்டர் தவசி மூன்று வேளையும் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அருப்புக்கோட்டைக் கதை சொல்கிறார். கூடப் பிறந்தவர்கூட இவ்வளவு செய்வாரா தெரியவில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

பத்து நாள் கழித்து நொண்டிக்கொண்டே பின்பக்கம் போனேன். செடிகள் தலை தொங்கிக் கிடக்கின்றன. கீழ் இலைகள் சில பழுத்துவிட்டன. நுனியில் புதிதாக விட்டிருக்கும் இலைகள் குட்டி குட்டியாக, சாம்பல் படிந்த மாதிரி. பூ ஒன்றுகூட இல்லை. டாக்டர் வடக்கே போயிருக்கிறார்.

பிப்ரவரி 18, சனி

டாக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காய் முற்றி விதை பார்க்காமல் எழுத முடியாதாம். ஏதோ நோய் என்கிறார், நுனி இலை சுருங்குவது அதனால்தான் என்கிறார். இங்கே ஏதாவது மாறியதா என்று கேட்டார். அடுப்பு, எண்ணெய், சோப்பு, புகை? குஞ்ஞுமோனையும் கேட்டார். எதுவும் மாறவில்லை என்று இருவரும் சொன்னோம்.

பிப்ரவரி 20, திங்கள்

கட்டுப் பிரித்தாயிற்று. தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. மதியத் தொழுகைக்கு மரப்பெட்டியில் உட்கார்ந்து ஒளு செய்தேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

காற்று இல்லை. எழுத எதுவும் இல்லை.

பிப்ரவரி 23, வியாழன்

செடிகள் நிமிர்ந்துவிட்டன. காயும் முற்றிவிட்டது. டாக்டர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்தார். பிறகு என்னிடம், நீங்கள் அடுப்படிக்குத் திரும்பியதும் அதுவும் எழுந்துவிட்டது என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டு கைப்பிடி முந்திரி அதிகம் போட்டுக் கேசரி செய்தேன்.

பிப்ரவரி 25, சனி

டாக்டர் எழுதி முடித்துவிட்டார். பதினாலு பக்கம். அதில் ஜுனைதாவின் பெயரைச் சாய்ந்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார். ஐந்து இடத்தில் வருகிறது. வியாழக்கிழமை அனுப்பப் போகிறாராம்.

இன்னொரு இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, தமிழில் சொன்னார். முகாம் சமையல்காரர் நெய்னா முகம்மதுவின் தினக்குறிப்பின்படி இந்தச் செடிகளுக்கு மனிதர் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. உங்கள் நோட்டுத்தான் எனக்குச் சாட்சி பாய் என்றார்.

நல்லது என்றேன்.

பிப்ரவரி 27, திங்கள்

இந்த நோட்டில் நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

இருபதாம் தேதி கெண்டியைச் சாய்த்து முழங்கையைக் கழுவினேன். தண்ணீர் பெட்டிக்கு அடியில் இறங்கியது. இவ்வளவு நாள் நான் அது எங்கே போகிறது என்று பார்த்ததே இல்லை. ஒளு செய்கிறவன் கவனம் ஒளுவில் இருக்க வேண்டும். அன்று பார்த்தேன். மண்ணில் விரல் அகலத்துக்கு ஒரு தடம் விழுந்திருக்கிறது. அதன் வழியே முதல் செடிக்குப் போய், அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அதனால்தான் அவை ஒரே வரிசையில் நிற்கின்றன. நாளுக்கு ஐந்து வேளை, ஐந்து கெண்டி, அக்டோபரிலிருந்து.

டாக்டர் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வேறு, ஒளு வேறு என்றுதான் என் மனதில் இருந்தது. ஆனால் இருபதாம் தேதிக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அன்று பாதிக் கெண்டியோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மீதியையும் ஊற்றினேன். மறுநாளிலிருந்து பெரிய கெண்டி.

இன்று மாலை அஸர் தொழுகை நேரத்தில் இன்னொன்று நடந்தது. எனக்கு ஒளு முறியவே இல்லை, மதியம் செய்தது அப்படியே இருந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்து முழுக்கச் செய்தேன். கால் கழுவும்போதுதான் உறைத்தது. இந்தத் தண்ணீரை நான் தொழுகைக்காக ஊற்றவில்லை.

தொழுதேன். என்ன ஓதினேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

ஜுனைதாவைப் பற்றி ஒன்று. ஒரு பெருநாளைக்கு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் மீன் குழம்பைப் புகழ்ந்து தள்ளினார்கள். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அவள் சட்டென்று, "அது பக்கத்து வீட்டு ராத்தா குடுத்தனுப்புனது, நான் வச்சது அடிப்புடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டாள். சபையில் என் முகம் போன போக்கு. ஏன் புள்ள சொன்னே, யாருக்குத் தெரியப் போகுது என்று அப்புறம் கேட்டேன். எனக்குத் தொண்டைக்குள்ள எறங்கலையே மச்சான் என்றாள்.

அவள் பெயரை இதற்கு வைத்தால் அவளுக்கு இறங்காது. எனக்கும் இறங்கவில்லை, ஒரு வாரமாகச் சோறுகூட.

மார்ச் 1, புதன்

சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்ல வரவில்லை. மதியத்துக்கு முன்னால் டாக்டரைக் கூப்பிட்டு, இங்கே நின்று பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் உட்கார்ந்து ஒளு செய்தேன். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, காது, கால். அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அது முதல் செடியைத் தொட்டு, இரண்டாவதைத் தொடும்போது அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"எப்பலேர்ந்து பாய்?"

"அக்டோபர்லேருந்து. கை வெந்த நாள்ல மட்டும் இல்ல."

"ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"ஒம்பது நாளாச்சு டாக்டர்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போய்ச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளைக் கொண்டுவந்து, தண்ணீர் போன தடம் முழுக்கக் குத்தி வைத்தார். பிறகு ஸாலிமைக் கூப்பிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மார்ச் 2, வியாழன்

டாக்டர் வரவில்லை. இன்று அந்தப் பதினாலு பக்கம் போயிருக்க வேண்டிய நாள்.

ஒளு இனிக் குளியலறைப் பக்கம், வரிசையில் நின்றுதான். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை.

மார்ச் 3, வெள்ளி

மாலையில் வந்தார். முகமெல்லாம் புழுதி. ஸாலிமும் அவருமாக எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறார்கள். கையில் ஐந்தாறு ரக்ரூக் செடி. சாப்பாட்டு மேசையில் தாள் விரித்து, அதையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியை என்னிடமே கொடுத்தார்.

பச்சைத் தாங்கி ஐந்து, மூன்று பெரியது, இரண்டு குட்டி. காய் மூன்று பிளவு. விதையும் அதே விதை. பிறகு நம் செடியின் ஒரு கிளையை என் பக்கம் திருப்பினார். கீழே அகலமான பச்சை இலை. மேலே நான் படுத்திருந்த பதினைந்து நாளில் விட்ட இலை, குட்டியாக, சாம்பல் மயிரோடு, பள்ளத்தாக்குச் செடியின் இலைதான் அது. அதற்கும் மேலே மறுபடி அகலமான பச்சை. என் கட்டுப் போட்ட நாட்கள் அந்தக் கிளையில் அப்படியே இருக்கின்றன. நோய் என்று நினைத்து இதைத் தள்ளிவிட்டேனே என்றார்.

ஸாலிம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நான் முதல் நாளே சொன்னேன் என்கிற மாதிரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் சொல்லிக் காட்டவில்லை. அவர் நல்ல மனிதர்.

நான் மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் பூதக்கண்ணாடியைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இத அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா பாய்? அடுத்த வருசம் யாராவது வந்து வெத எடுத்து நட்டுருப்பாங்க. ரக்ரூக்தான் மொளச்சிருக்கும். எம்பேரு சிரிப்பா சிரிச்சிருக்கும். அதுக்கப்பறம் நான் எத எழுதினாலும் எவன் நம்புவான்? நீங்க என்னக் காப்பாத்தியிருக்கீங்க. ஒம்பது நாள் லேட்டாதான். ஆனாலும் காப்பாத்திட்டீங்க."

ஏன் ஒன்பது நாள் என்று மட்டும் கேட்டார். அந்த இரண்டு கல்லைப் பற்றிச் சொன்னேன். மச்சானைப் பற்றி, நாலே கால் வருடத்தைப் பற்றி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தட்டிலிருந்த சோறு ஆறிப்போனது.

நாற்காலி கிடைக்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் இரவுச் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

மார்ச் 7, செவ்வாய்

டாக்டர் சின்னதாக வேறொன்று எழுதுகிறார். மூன்று பக்கம். தண்ணீர் கிடைத்தால் இந்தச் செடி எப்படி ஆளே மாறிப்போகிறது என்று. இதுவரை ஒருவரும் இலை இலையாகத் தேதி போட்டு எழுதவில்லையாம். தேதிகள் எல்லாம் என் நோட்டிலிருந்து. தொழுகை நேரங்களையும் கேட்டு எழுதிக்கொண்டார், ஒரு கெண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து பார்த்தார். பெரிய பத்திரிகை இல்லை, ஆனால் பொய்யில்லாத பத்திரிகை என்றார்.

மேசையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், புதுச் செடி இல்லை, பழைய ரக்ரூக்தான், லத்தீன் பெயர் கிடையாது என்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்கள். அந்த மரியாதைக்கு அவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

மார்ச் 12, ஞாயிறு

டாக்டர் நாளை கிளம்புகிறார். ஒப்பந்தம் முடிந்தது. இன்று மதியத்துக்கு மேல் சாப்பாட்டு மேசையில் கடைசி வேலை. பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காய வைத்த செடியை ஓர் அட்டையில் ஒட்டி, மூலையில் சீட்டு எழுத வேண்டும். அந்த அட்டை மஸ்கட்டில் ஓர் அலமாரியில் இருக்குமாம். நூறு வருடம், இருநூறு வருடம், யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப் பார்க்கலாமாம். மஞ்சள் மட்டும் போய்விட்டது. காய்ந்தால் நிற்காது, அதனால்தான் நிறத்தைச் சீட்டில் எழுதுகிறோம் என்றார்.

அவர் எழுதுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடம். தேதி. பூ மஞ்சள், காலையில் திறந்து மதியம் உதிரும். ஒளுத் தண்ணீரில் ஐந்து மாதம் வளர்ந்தது. சேகரித்தவர்கள் என்ற இடத்தில் தன் பெயரையும் என் பெயரையும் எழுதினார். அடுத்த வரி, உள்ளூர்ப் பெயர். ரக்ரூக் என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அப்போது தவசி தேநீருக்கு வந்தார். டாக்டர் ஒட்டாமல் மிச்சமிருந்த ஒரு கிளையைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை.

தவசி தேநீரை ஊதிக்கொண்டே, "ஜுனைதாப் பூ" என்றார்.

நான் சட்டியைக் கீழே வைத்தேன்.

அது ரக்ரூக் என்று பாய் சொன்னாரே என்று டாக்டர் கேட்டார். "அது பேப்பர்ல. நாங்க இப்புடித்தான் சொல்லுவோம். வெல்டிங் ஷெட்டுக்கு அங்கிட்டு ரெண்டு செடி கெடக்கு, சின்னது. அதையும் ஜுனைதாப் பூன்னுதான் சொல்றது. லாரிக்காரங்கூட, ஜுனைதாப் பூ கெடக்கு, பாத்து ஒடிச்சுத் திருப்புன்னு சொன்னாத்தான் வெலகிப் போறான். ஏன், சொல்லக் கூடாதா?"

எத்தனை பேர் அப்படிச் சொல்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். எல்லாரும்தான் என்றார் தவசி. தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லத்தீன் பெயரை இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். உள்ளூர்ப் பெயரை அவர் வைப்பதே இல்லை. அந்த இடத்தில் இருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைக் கேட்டு எழுதுவதுதான் அவர் வேலை. பிறகு குனிந்து, ரக்ரூக் என்பதற்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. மை காயும்வரை யாரையும் தொட விடவில்லை.

ஊரில் அவள் பெயரைச் சொல்லி யாரும் பேசுவதில்லை. இறந்தவர்களை அவ, அந்தப் புள்ள என்றுதான் சொல்வார்கள். தவசி அவளைப் பார்த்தது கிடையாது. அவள் படம்கூடப் பார்த்தது கிடையாது. காலையும் மாலையும் லாரிக்காரனிடம் அவள் பெயரைச் சொல்லி, பார்த்துப் போ என்கிறார்.

இரவுக்குச் சப்பாத்தி.